உயிரோடு இருந்தால்தான் வெளிச்சம்

பி.காம் படிக்கிற ஆளுக்கு எலி வயிற்றில் எரிகிற விளக்கைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இது ஆரம்பித்ததே கணக்குப் பாடத்திலிருந்துதான். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது 'குட்வில்' எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்று ஒரு அசைன்மெண்ட். வகுப்பில் பாதிப் பேர் டாடா, கோரஸ் என்று கிளம்பிவிட்டார்கள். யாரும் தொடாத ஒன்றாக இருக்கட்டுமே என்று தேடியதில் ஜெனோஜென் என்ற பெயர் மாட்டியது.

கலிஃபோர்னியாவில் அலமீடா என்ற ஊரில் 1995-இல் தொடங்கிய சின்ன கம்பெனி. 2004-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2006-இல் காலிப்பர் என்ற கம்பெனி இதை வாங்கியது. 2011-இல் அந்தக் காலிப்பரையே பெர்க்கின் எல்மர் சுமார் 60 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. 2023-இல் பெர்க்கின் எல்மர் தன் வியாபாரத்தில் ஒரு பகுதியையும் கூடவே தன் பெயரையும் விற்றுவிட்டு, மிச்சம் இருந்ததற்கு ரெவிட்டி என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டது. (பெயரையே விற்ற கம்பெனி! அசைன்மெண்ட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.) இத்தனை கை மாறியும் விடாமல் கூடவே போன சரக்கு ஒரு இருட்டுப் பெட்டி. பெயர் ஐவிஸ். மயக்கம் கொடுத்த சுண்டெலியை உள்ளே படுக்கவைத்து, கதவைச் சாத்தி, அதன் உடம்புக்குள்ளிருந்து வருகிற வெளிச்சத்தைப் படம் எடுக்கிற பெட்டி.

உடம்புக்குள்ளிருந்து வெளிச்சமா என்று யோசித்தேன். அன்றைக்கு அசைன்மெண்ட் அந்த வரியோடு நின்றுவிட்டது. குட்வில்லாவது ஒன்றாவது.

அந்த வெளிச்சத்தின் மூலக்கதை நமக்குத் தெரிந்த மின்மினிப்பூச்சி. தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கு வைத்துக்கொள்ளும் என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் 2022 ஏப்ரலில் ஆனைமலைக் காட்டில் லட்சக்கணக்கில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுங்கியதாகப் படங்கள் வந்தபோது வாட்ஸ்அப்பில் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அது எப்படி எரிகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

யோசித்தவர் ராஃபேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர். 1880-களில் அவர் செய்த சோதனை நம் வீட்டுச் சமையலறையிலேயே செய்யக்கூடிய அளவு எளிமை. ஒளிவிடும் உயிரின் ஒளியுறுப்பைக் குளிர்ந்த நீரில் அரைத்தால் கரைசல் கொஞ்ச நேரம் மினுங்கி அணைந்துவிடும். சுடுநீரில் அரைத்தால் எரியவே எரியாது. அணைந்துபோன குளிர்ந்த கரைசலையும், ஆறிய சுடுநீர்க் கரைசலையும் ஒன்றாக ஊற்றினால் மறுபடி வெளிச்சம்! ஆக விளக்கு இரண்டு பொருளால் ஆனது. ஒன்று எரிந்து தீரும் எண்ணெய். அது சூட்டுக்குத் தாங்கும். இன்னொன்று எரிய வைக்கிற நொதி, சூட்டில் கெட்டுவிடும். எண்ணெய்க்கு லூசிஃபெரின், நொதிக்கு லூசிஃபெரேஸ் என்று பெயர் வைத்தார்.

இதோடு இன்னொன்றும் வேண்டும் என்று 1947-இல் காட்டியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மெக்எல்ராய். அணைந்துபோன மின்மினிச் சாற்றில் ஏடிபி என்ற பொருளைச் சேர்த்தார். உடனே பற்றிக்கொண்டது. உயிருள்ள ஒவ்வொரு செல்லும் செலவுக்கு வைத்திருக்கிற சில்லறைக் காசுதான் ஏடிபி. செல் செத்தால் கல்லாப்பெட்டி காலி. காசு இல்லையென்றால் விளக்கு இல்லை. மின்மினி வெளிச்சம் என்பது வெறும் அழகில்லை, "இங்கே உயிர் இருக்கிறது" என்கிற ரசீது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

மெக்எல்ராய் தன் சோதனைகளுக்கு மின்மினி பிடிக்க பால்டிமோர் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். 100 பூச்சிக்கு 25 சென்ட். பிறகு சிக்மா என்ற ரசாயனக் கம்பெனி 'மின்மினி விஞ்ஞானிகள் சங்கம்' என்றே ஒன்று வைத்து, வருடக்கணக்காக அமெரிக்காவின் கிராமத்துப் பிள்ளைகளிடமிருந்து பூச்சிக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் கொள்முதல் செய்தது. கச்சாப்பொருள் கோடையில் மட்டும் கிடைக்கும், உற்பத்தியாளர் ஐந்தாம் வகுப்பு, தரக்கட்டுப்பாடு ஜாம் பாட்டில். இந்த விநியோகச் சங்கிலியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆனால் 1985-இல் சான் டியேகோவில் மார்லீன் டெலூகா, டொனால்ட் ஹெலின்ஸ்கி ஆகியோரின் குழு லூசிஃபெரேஸ் செய்கிற மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டது. அடுத்த வருடமே அதைப் புகையிலைச் செடிக்குள் வைத்து, செடி ஒளிர்கிற படத்தை வெளியிட்டார்கள். அதாவது, இனி பூச்சி தேவையில்லை. எந்த செல்லுக்குள்ளும் இந்த விளக்கை மாட்டலாம்.

எந்த செல்லுக்குள்ளும் என்றால் புற்றுநோய் செல்லுக்குள்ளும்தான். வைரஸுக்குள்ளும்தான்.

1995-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கான்டாக், பமீலா கான்டாக் தம்பதியும் சகாக்களும் ஒளிவிடும் சால்மனெல்லா பாக்டீரியாவை எலிக்குக் கொடுத்து, எலியை அறுக்காமலேயே அது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து கேமராவில் பார்த்தார்கள். ஜெனோஜென் பிறந்தது இதிலிருந்துதான். செய்முறை கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. விளக்கு மாட்டிய புற்று செல்களை எலிக்குள் வைக்கிறார்கள். பார்க்க வேண்டிய நாளில் லூசிஃபெரினை ஊசி போடுகிறார்கள், அதுதான் எண்ணெய். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எலியை மயக்கி இருட்டுப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். மேலே உள்ள கேமராவின் உணர்கருவியை மைனஸ் 90 டிகிரிக்குக் குளிரவைத்திருப்பார்கள், தன் சூட்டில் தானே பொய் வெளிச்சம் காட்டக் கூடாது என்பதற்காக. வருகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம். இணையத்தில் பார்க்கிற எலிப் படங்களில் வயிற்றில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக இருக்குமே, அது எலியின் நிறமில்லை. ஒளித்துகள் அதிகமாக எண்ணப்பட்ட இடத்துக்குச் சிவப்பு, குறைந்த இடத்துக்கு நீலம் என்று கணினி பூசிய வர்ணம். எக்செல்லில் நாம் செல்லுக்குக் கலர் அடிப்பதில்லையா, அதே கதை. (இந்த செல் வேறு செல்!)

இதில் என்ன பெரிய லாபம் என்று ஒரு கணக்குப்பிள்ளைக்குப் பட்டதைச் சொல்கிறேன். இதற்கு முன்னால் ஒரு மருந்து கட்டியைக் கரைக்கிறதா என்று பார்க்க, உடம்பின் உள்ளே இருக்கிற கட்டியென்றால் எலியைக் கொன்று அறுத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் ஐந்து எலி, ஏழாம் நாள் வேறு ஐந்து எலி, பதினாலாம் நாள் இன்னும் ஐந்து என்று போகும். உதாரணத்துக்கு ஆறு நாட்கள், மூன்று மருந்துகள் என்றால் 90 எலி. அப்படியும் மூன்றாம் நாள் பார்த்த எலி வேறு, ஏழாம் நாள் பார்த்த எலி வேறு. ஏப்ரலுக்கு ஒரு கடையின் பேரேட்டையும் மே மாதத்துக்குப் பக்கத்துக் கடையின் பேரேட்டையும் வைத்து வியாபாரம் வளர்ந்ததா என்று சொல்கிற மாதிரி. விளக்கு மாட்டிய எலியில் அதே பேரேட்டை ஒவ்வொரு வாரமும் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு எலிக்கும் அதன் ஆரம்ப இருப்பு தெரியும். ஒரே கட்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு போடலாம். 90 எலி 15 எலியாகும். விலங்குச் சோதனையில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இலேயே எழுதியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் உபதேசமாகவே நின்றுவிடக்கூடிய விஷயம். இங்கே ஒரு பூச்சியின் மரபணு அதற்கு வழி செய்திருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் என்னை இதில் கட்டிப்போட்டது.

1999-இல் அதே ஸ்டான்ஃபோர்டு குழுவினர் ஹீலா செல்களில் விளக்கு மாட்டி எலிகளில் வைத்தார்கள். ஹீலா என்பது 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவருக்குத் தெரியாமலேயே எடுக்கப்பட்ட செல்கள்; அவர் இறந்து இத்தனை வருடம் கழித்தும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கின்றன. எலியின் வயிற்றறைக்குள் பரவிய ஆயிரம் செல்களைக்கூட கேமராவால் பார்க்க முடிந்தது. மருந்து கொடுக்காத எலிகளில் வெளிச்சம் நாளுக்கு நாள் ஏறியது. சிஸ்பிளாட்டின் கொடுத்த எலிகளில் வெகுவாக இறங்கியது. இன்னொரு பழைய மருந்தான ஃப்ளூரோயுராசில் அந்த அளவுக்கு இறக்கவில்லை.

சிஸ்பிளாட்டின் என்ற பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் பழக்கம். பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்து, ரேடியேஷனோடு சேர்த்து வாரம் ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றியது அதைத்தான். அதே வகை நோய், அதே மருந்து. எலிக்கு அன்றன்றைக்கு வெளிச்சம் எவ்வளவு இறங்கியது என்று ஒரு எண் கிடைத்தது. பெரியம்மாவுக்குக் கிடைத்ததோ, எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேன், அதில் ஒரு வரி: நோய் இருப்பதற்கான அடையாளம் இப்போது தென்படவில்லை. அப்பா அதை நாலுமுறை வாசித்துவிட்டு டாக்டரிடம், "சார், சுத்தமா போயிடுச்சுன்னு வச்சுக்கலாமா?" என்றார். டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "தென்படலைன்னு வச்சுக்குவோம்" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தை வித்தியாசம் எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை.

இப்போது அது புரிகிறது. ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஸ்கேனில் ஒரு கட்டி கண்ணில் பட வேண்டுமென்றால் அது சில மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், அதாவது பல லட்சம், கோடி செல்கள். அதற்குக் கீழே எத்தனை மிச்சமிருந்தாலும் அறிக்கையில் அதே வரிதான் வரும். மனிதருக்கு இருக்கிற பெட் ஸ்கேனும் ஒரு வகையில் உயிரைத்தான் தேடுகிறது. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்க்கிறது. ஆனால் மூளையும் சர்க்கரை தின்னும், வீங்கிய புண்ணும் தின்னும். புற்று செல் மட்டும் கையைத் தூக்குவது போன்ற வசதி அதில் இல்லை.

பிறகு ஏன் நமக்கு இந்த விளக்கை வைத்துப் பார்க்கக் கூடாது? இதைத்தான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள். என் ரூம்மேட்டும் கேட்டாள். ஒரு காரணம் உடம்பின் தடிமன். ஒரு சென்டிமீட்டர் சதையைத் தாண்டினாலே வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் என்றால் நூறில் ஒன்று. ரத்தத்தின் சிவப்பு பச்சை, மஞ்சள் வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிடும், செவ்வொளிதான் கொஞ்சம் தப்பி வெளியே வரும். சுண்டெலியின் உடம்பு இரண்டு விரல் அகலம், அதில் சமாளிக்கலாம். பெரியம்மாவின் இடுப்புக்குள் எரிகிற விளக்கு வெளியே தெரியாது. தடிமனையாவது ஒருநாள் வெல்லலாம் என்று தோன்றுகிறது. 2018-இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் மியாவாக்கி குழுவினர் பழைய விளக்கைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு பிரகாசமான அகாலூக் என்ற ஒன்றைச் செய்து, மார்மோசெட் குரங்கின் மூளை ஆழத்திலிருந்து வந்த வெளிச்சத்தை, குரங்கு நடமாடிக்கொண்டிருக்கும்போதே படம் பிடித்தார்கள்.

உண்மையான தடை வேறு. எலிக்கு வைத்த புற்று, விளக்கு மாட்டிய பிறகு வைத்த புற்று. அந்த செல்களின் ஒவ்வொரு வாரிசும் விளக்கோடுதான் பிறக்கிறது. நமக்கு வருகிற நோய் அப்படி அடையாளம் குத்திக்கொண்டு வருவதில்லை. நம் உடம்பின் ஏதோ ஒரு செல், ஏதோ ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் கணக்கை மாற்றி எழுத ஆரம்பிக்கிறது. கண்டுபிடிக்கும்போது கோடிக்கணக்கில் இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் போய் விளக்கு மாட்ட முடியுமென்றால், அதே வழியில் ஒவ்வொன்றையும் கொன்றுவிடவும் முடியுமே! திருட்டுப் போன நோட்டின் நம்பர் முன்னாலேயே எழுதி வைத்திருந்தால்தான் பிடிக்கலாம்.

எலியிலும் இந்த விளக்கு சில சமயம் ஏமாற்றும். எரிய ஆக்ஸிஜனும் வேண்டும். கட்டி பெரிதாகிவிட்டால் நடுவில் ரத்தம் போகாது, ஆக்ஸிஜன் பற்றாக்குறை. அங்கே செல்கள் உயிரோடு இருந்தும் மங்கலாகவே தெரியும். மருந்துக்கு அசையாமல் உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் அந்த மூச்சுத்திணறும் நடுப்பகுதி செல்கள்தான் என்கிறார்கள். கருப்பு ரோம எலி என்றால் ரோமமே வெளிச்சத்தை விழுங்கும், மழித்துவிட்டுத்தான் படமெடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தபிறகு அந்தக் கலர்ப் படங்களைப் பார்க்கும்போது, ஆடிட்டர் கையெழுத்துக்கு மேலே இருக்கிற பொடி எழுத்து நிபந்தனைகளைத் தேடுகிற புத்தி வந்துவிட்டது.

வைரஸ் கதை இதைவிட வேகமானது. புற்று மாதக்கணக்கில் செய்வதை வைரஸ் நாட்களில் செய்யும். 2002-இல் கேரி லூக்கர், டேவிட் லீப் குழுவினர் அக்கி வைரஸில் (வாயோரம் கொப்புளம் போடுமே, அந்த ஹெர்பிஸ்) லூசிஃபெரேஸைச் செருகி எலிகளில் பார்த்தார்கள். வாலாசைக்ளோவிர் கொடுக்கக் கொடுக்க, அளவுக்கு ஏற்ப வெளிச்சம் இறங்கியது. அடுத்த வருடம் மெக்எல்ராய் மின்மினி வாங்கிய அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டயேன் கிரிஃபின் ஆய்வகம் சிண்ட்பிஸ் என்ற வைரஸ் எலியின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போவதை இதே முறையில் பார்த்தது. சிண்ட்பிஸ் யாரென்றால் சிக்குன்குனியாவுக்குப் பங்காளி. 2006-இல் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களே, அதே குடும்பம்.

என்னை உறையவைத்தது 2021-இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. கொரோனா வைரஸில் நானோலூக் என்ற விளக்கு. இது மின்மினியுடையது இல்லை, ஆழ்கடல் இறால் ஒன்றின் நொதியை மாற்றியமைத்து 2012-இல் செய்தது. உருவில் சிறியது, வைரஸுக்குச் சுமை தெரியாது. மனித ஏற்பியைச் சுமக்கும்படி மாற்றிய எலியின் மூக்கில் வைரஸை விட்டார்கள். முதலில் மூக்கில் வெளிச்சம். பிறகு நுரையீரல். பிறகு மற்ற உறுப்புகள், மூளை. மூளை பளபளக்க ஆரம்பித்தபின் எலி அதிக நாள் இல்லை. எல்லாம் ஒரு வாரத்துக்குள். 2021 மே மாதம் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோமே, அப்போது யாராவது இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த ஆய்வின் முக்கிய விஷயம் படம் இல்லை. எதிர்ப்பான் மருந்து வைரஸைப் பிடித்து நிறுத்தினாலே போதும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். எதிர்ப்பானுக்கு ஒரு வால்பகுதி உண்டு. அது நம் எதிர்ப்பு செல்களைக் கூப்பிடும். அந்த வாலைச் செயலிழக்கச் செய்த எதிர்ப்பானைத் தொற்று வந்தபிறகு கொடுத்தபோது, வெளிச்சம் சரியாக அணையவில்லை. பிடிக்கிற கை மட்டும் போதாது, ஆள் கூப்பிடுகிற குரலும் வேண்டும். சோதனைக் குழாயில் இது தெரியாது. உயிரோடு இருக்கிற உடம்பில், நாள்தோறும் பார்த்தால்தான் தெரியும்.

மனிதர்களுக்கு இதன் தூரத்துச் சொந்தம் ஒன்று வந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு சாயத்தைக் கொடுத்து, வயிற்றைத் திறந்தபின் தனி விளக்கின் கீழ் கட்டி மட்டும் ஒளிர்வதைப் பார்த்து வெட்டுவது. சூல்பைப் புற்றுக்கு அப்படி ஒரு சாயத்தை அமெரிக்காவில் 2021-இல் அனுமதித்தார்கள். இது மின்மினி முறை இல்லை. வெளியிலிருந்து ஒளி அடித்தால்தான் எரியும், உயிர் இருக்கிறதா என்றும் சொல்லாது. ஆனாலும் சர்ஜனுக்கு ஒரு துண்டைக் கூடுதலாகக் கண்ணில் காட்டும்.

போன விடுமுறையில் இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போய்க்கொண்டிருக்கிறது, நன்றாக இருக்கிறார். லேப்டாப்பில் அந்தப் படங்களையும் காட்டினேன்: மருந்து கொடுக்காத எலி சிவப்பாக, மருந்து கொடுத்த எலி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் வெறும் எலியாக. சிஸ்பிளாட்டின் என்றதும் சிரித்தார். "அந்த வாந்தியெல்லாம் அதுக்கும் இருந்துருக்குமே கண்ணு, பாவம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "படம் புடிச்சு முடிச்சதுக்கப்புறம் அதை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சி முடிஞ்சதும் வலி தெரியாம சாகடிச்சிருவாங்க பெரிம்மா."

"வெளிச்சம் அணைஞ்சு போன எலியையுமா?"

"அதையுந்தான். உள்ள ஒண்ணும் மிச்சமில்லைன்னு அறுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

பெரியம்மா லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.